உலை வைக்கும் நேரம்

அது போர் நடந்த வருஷம். முகப்பு விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு பூசிய பஸ், ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டே ஓடியது. எனக்கு முன்சீட்டில் காலிக் கூடைகளோடு இரண்டு மீன்காரிகள்.

"நேவி மிஷினு சொன்னப்புறந்தான் மரியா, நான் உலையே வெக்கிறேன்" என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா, அது உன் வூட்டு சமையலுக்கா வந்துக்கீது?"

"எதிரி கப்பலப் பாக்க வந்துக்கீது. முன்னே ஒரு ஆளு துர்பீன் வெச்சிகினு ஒக்காந்திருப்பான். இப்போ இருட்டுலயும் மிஷினே பாக்குது. கடல்ல கீறதெல்லாம் கண்ணாடில புள்ளியா வருது. கட்டுமரம் மட்டும் வெறும் மரம், சரியா தெரியாதாம். தகரம்னா பளிச்சுனு தெரியுமாம். அதான் நம்ம ஆளுங்க பாய்மரத்துல தகர டின்னு கட்டிகினு போறாங்க."

"அதுல உன் புருசன் எந்தப் புள்ளி?"

"யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே மாரி. போன புள்ளியெல்லாம் திரும்பிட்ச்சின்னு மிஷினாண்ட ஒக்காந்துகினு கீற நேவி காவக்காரரு சொன்னா, அவனும் வந்துட்டான். அரிசிய கழுவிடுவேன்."

மரியா கூடையின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்காளு கட்டமாட்டேன்றான்க்கா. டின்னு கட்டிகினு நான் இன்னா எண்ண விக்கவா போறேன்னு கேக்குறான். நேத்து இருட்டுல ரோந்து போற நேவி போட்டு அவன் மேலயே வந்துட்ச்சாம். அத சிரிச்சிகினே சொல்றான்."

"அவன் தூங்கசொல்ல நீயே கட்டிவுடு. டின்னு நான் தரேன்."

"டின்ன அவுத்து கடல்ல போட்டுடுவான். சோறாக்குற அலுமினியக் குண்டானக் கட்டிவுடறேன். அது திரும்பி வந்தாதான் அவனுக்கு சோறு."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் விசிலை ஊத மறந்தார்.