கெண்ட்ராவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் சொன்னது

சொல்லப்போவது அத்தனையும் சத்தியம், அம்மா. எண்பத்திரண்டு வயதில் பொய் சொல்ல நல்ல ஞாபகசக்தி வேண்டும். போன வாரம் என் பல்செட்டை மீன்தூண்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் தேடினேன். அதனால் தைரியமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் அர்வோ லெஹ்டினென். டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த சரிவில் என் வீடு. மனைவி போன பிறகு மேல் அறையை வாடகைக்கு விட்டேன். கெண்ட்ரா வந்தாள். இருபத்திமூன்று வயது. கார் விபத்தில் இடுப்பு உடைந்து நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவள் மகள் மேஸியை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். மார்ச் முடிவதற்குள் தன் பெயரில் ஒரு வாடகை வீடு, குழந்தைக்குத் தனி அறை. இரண்டையும் காட்டினால் பிள்ளை திரும்பக் கிடைக்கும் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள்.

என் வீட்டிலும் அடுத்த அறை காலிதான். அதில் தூண்டில்கள் வைத்திருக்கிறேன்.

அவள் என் வாசலில் பனி வாருவாள், சூப் வைப்பாள், மத்தியானம் சீட்டாட உட்காருவாள். ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். “கிழவா, அந்தச் சீட்டக் கீழ வை” என்பாள். என்னை அப்படிக் கூப்பிட அதற்குமுன் ஒருத்திதான் இருந்தாள்.

வாடகை வீட்டு விண்ணப்பத்தில், விசாரிப்பதற்காக ‘இப்போதைய வீட்டுக்காரர்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் என் பெயரையும் நம்பரையும் எழுதினாள்.

“என்னப் பத்தி நல்லதா சொல்வீங்கல்ல?”

“உள்ளதச் சொல்றேன், கண்ணு.”

எங்கள் ஊரில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், “அது... அவ கொஞ்சம் வேற மாதிரி” என்று இழுத்தால் போதும், எதிராளி புரிந்துகொள்வார். அவளைப் பற்றி விசாரிக்க முதலில் கூப்பிட்ட வீட்டுக்காரர் அப்படித்தான் புரிந்துகொண்டு, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். இரண்டாமவருக்கு அது போதவில்லை. குளியல் தொட்டியில் வாத்து வளர்க்கிறாள், ஆனால் சுத்தமான வாத்துகள் என்றேன். அவர் எத்தனை வாத்து என்று கேட்டார். ஏழு என்றேன். ஆறு என்றால் நம்பியிருக்க மாட்டார். மற்றவர்களுக்குச் சொன்னதைச் சொல்லக் கூசுகிறது. ஒருவரிடம், நடக்காத ஒரு நெருப்பைப் பற்றியும் சொன்னேன்.

ஒவ்வொரு தடவையும் அவள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்காருவாள்.

“நேர்ல பேசறப்ப எல்லாம் நல்லாதான் இருக்கு, அர்வோ. அப்புறம் யாருமே கூப்பிட மாட்டேங்கிறாங்க. என் மூஞ்சியில என்னதான் எழுதியிருக்கு?”

நான் சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தேன். அவள் வைத்த சூப்தான். அவளைத் தேற்றுவது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறாவதாகக் கூப்பிட்டது டாலெஃப்சன் என்ற அம்மாள். அவர் வீட்டில் சின்ன அறைக்கு மஞ்சள் பெயிண்ட். கெண்ட்ரா அந்த அறைக்கென்று முன்கூட்டியே முயல் வடிவத்தில் ஒரு விளக்கை வாங்கி வைத்துவிட்டாள்.

“அந்தப் பொண்ண எனக்குப் பிடிச்சுப்போச்சு. வீடு அவளுக்குத்தான்னு முடிவே பண்ணிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“வாடகை ஒழுங்கா தர்றாளா?”

“தர்றா.”

“அப்புறமென்ன?”

வாத்து இந்த அம்மாளிடம் எடுபடாது என்று தெரிந்தது. “குழந்தையை ஏன் அவகிட்டேருந்து எடுத்துட்டுப் போனாங்கன்னு விசாரிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த அம்மாள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் முடிந்தது. மேஸியை அந்தக் குடும்பத்துக்கே சொந்தமாக்கிவிட்டார்கள். கெண்ட்ரா கோர்ட்டிலிருந்து வந்து, “இனி வீடு தேட வேண்டியதில்ல, கிழவா” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்த நிம்மதி பதினொரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் அவள் ஏதோ ஒரு கடையில் டாலெஃப்சன் அம்மாளைப் பார்த்திருக்கிறாள். வந்து மேசைக்கு எதிரே நின்றாள். கத்தவில்லை.

“எல்லார்கிட்டயுமா?”

“எல்லார்கிட்டயும்” என்றேன்.

முயல் விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம், அந்தப் பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கியது நான்தான். கோர்ட்டுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, தொலைபேசியை எடுத்துப் பேசியது நான். தனிமை என்று சொன்னால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். இரக்கப்பட வேண்டாம். இரவும் பகலும் வெட்கத்தில் வேகிறேன். செத்தாலும் இன்னொருவருக்கு இப்படிச் செய்ய மாட்டேன்.

நேற்றுக் காலை, சலவைக் கடைப் பலகையில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: ‘மேல் அறை காலி. பிறகு சொந்தமாக வீடு பிடிக்க நினைக்கும் இளம்பெண்களுக்கு ஏற்றது. கேட்பவர்களிடம் நற்சாட்சி சொல்லப்படும்.’