முந்தி வந்த ரிப்போர்ட்

மதுரைக்காரர்களை நடக்க வைக்க முடியாது. தெருமுனை டீக்கடைக்குக்கூட வண்டியை எடுக்கிற ஊர் இது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னால் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்டோ பிடிப்பார்கள். ஆனால் எங்கேயாவது தப்படிக்கிற சத்தம் கேட்கட்டும். மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நிற்பார். கல்யாணமா, காதுகுத்தா, சாமி புறப்பாடா, சாவு வீடா என்றெல்லாம் கால் பார்க்காது, தானாகக் கிளம்பிவிடும்.

நல்லகாமன் அண்ணன் எப்படிச் செத்தார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துச் சந்தோஷத்தைச் சொல்லாமல் சாவை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் ஆன்சன். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவன். அங்கே சோணை என்று ஒரு பையன் இருந்தான். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. ஒருநாள் அவன் ஓடி முடித்ததும் ஸ்டாப்வாட்சைப் பார்த்து, உண்மையான நேரத்தைவிடக் குறைத்துச் சொன்னேன். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து வெறி பிடித்து ஓடினான். சில வாரங்களில் நான் பொய்யாகச் சொன்ன நேரத்தை நிஜமாகவே தொட்டுவிட்டான். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. நல்ல ரிசல்ட்டை முதலில் கையில் கொடுத்துவிட்டால் உடம்பு பின்னாலேயே ஓடிவந்து அதைப் பிடித்துவிடும்.

வேலையை விட்ட பிறகு டாக்டர் தமிழ்வாணியிடம் சேர்ந்தேன். சர்க்கரை நோயில் ஆராய்ச்சி செய்கிறவர், நல்ல மனுஷி. அவரிடம் என் யோசனையைச் சொன்னேன். சமயநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காலி மைதானம் இருக்கிறது. தினமும் காலையில் தப்பும் உறுமியும் அடிக்க வைத்து, சர்க்கரை உள்ளவர்களை ஆட விடுவோம் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு யோசித்தார். பிறகு அனுமதியெல்லாம் வாங்கி ஆராய்ச்சியாகவே ஆரம்பித்துவிட்டார். ஒரு கூட்டம் ஆடும், இன்னொரு கூட்டம் வழக்கம்போல இருக்கும். மாத்திரை, ஊசி எதையும் யாரும் நிறுத்தக் கூடாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையை இரண்டு கூட்டத்துக்கும் அவ்வப்போது எடுத்து ஒப்பிடுவோம். ரத்தம் எடுக்க எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழாய்களைப் பெட்டியில் வைத்து மதுரையில் இருக்கிற லேபுக்குக் கொண்டுபோவதும் என் பொறுப்பு.

அந்தக் காலை நேரங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முத்துக்கருப்பன் தப்பை நெருப்பில் காய்ச்சி முதல் அடி அடித்ததும் மைதானமே குலுங்கும். ரிட்டயரான தாசில்தார் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்குவார். சூசையம்மாள் டீச்சர் முதல் வாரம் சர்ச்சுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார், இரண்டாம் வாரம் விசில் அடித்தார். இவர்களுக்கெல்லாம் ராஜா நல்லகாமன் அண்ணன். சிம்மக்கல்லில் பழம் மொத்த வியாபாரம். பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். ஆளைப் பார்த்தால் அசைய மாட்டார் என்று தோன்றும். கொட்டுச் சத்தம் கேட்டதும் அந்தப் பெரிய வயிறு தனியாக ஒரு ஆட்டம் போடும். அவரைப் பார்த்துச் சிரித்தே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும்.

ஆட ஆரம்பித்த பிறகு எடுத்த முதல் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான். டாக்டர் தமிழ்வாணிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

“மாஸ்டர், இதுவே பெரிய விஷயம். மருந்தோட இதுவும் சேர்ந்தா போதும். எத்தனையோ பேருக்குக் கண்ணும் காலும் மிஞ்சும்” என்றார்.

ஆனால் மைதானத்தில் முகங்கள் தொங்கிவிட்டன. நல்லகாமன் அண்ணன் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், அம்புட்டு ஆட்டம் ஆடியும் இம்புட்டுத்தான் இறங்குச்சா?”

மறுநாள் பாதி மைதானம் காலி. முத்துக்கருப்பன் சும்மா பேருக்கு அடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் சோணை ஞாபகத்துக்கு வந்தான்.

பக்கத்து ஊரில் நான் ஒரு கபடி டீமுக்குப் பயிற்சி கொடுத்துவந்தேன். அடுத்த பரிசோதனைக்கு ஆடுகிறவர்களிடம் ரத்தம் எடுத்தேன், அதை வாய்க்காலில் ஊற்றினேன். கபடிப் பையன்களிடம் பிட்னஸ் டெஸ்ட் என்று சொல்லி ரத்தம் எடுத்தேன், அதைக் குழாய்களில் வைத்துப் பெயர் ஒட்டினேன். ஏனோதானோ என்று ஒட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் பொருத்தம் பார்த்தேன். தாசில்தாருக்கு நிதானமாக ஆடுகிற ஒரு பையன். சூசையம்மாள் டீச்சருக்கு வாயாடி ஒருவன். நல்லகாமன் அண்ணனுக்கு, டீமிலேயே சிறந்த ரைடரான ஜெயபாண்டி. அவன் மட்டும் கையை நீட்டிக்கொண்டே கேட்டான்.

“எதுக்கு மாஸ்டர் இம்புட்டு ரத்தம்?”

“ஒரு நல்ல காரியத்துக்குடா” என்றேன். அது பொய் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று மைதானத்தில் நடந்ததை என்னவென்று சொல்ல. தாசில்தார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். டீச்சர் ஜெபம் பண்ண ஆரம்பித்து நடுவில் சிரித்துவிட்டார். நல்லகாமன் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் சின்ன ஆள் இல்லை. மைதானத்தைச் சுற்றி வந்தார், பின்னால் தப்பு, அதற்குப் பின்னால் ஊரே. சர்க்கரை இல்லாதவர்கள்கூட வந்து ஆடினார்கள். மேலே உட்கார்ந்திருந்த எனக்கு வானம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அண்ணன் தன் குலசாமிக்கு நேர்ந்திருந்தாராம். எழுமலைப் பக்கம் இருக்கிற கருப்பசாமி கோயிலுக்கு எல்லோரையும் வேன் பிடித்து அழைத்துப்போய்க் கிடா வெட்டினார். மாலையை முதலில் சாமிக்குப் போட்டார், இரண்டாவதை எனக்குப் போட்டார். கறி விருந்து முடிந்ததும் டிரம் டிரம்மாக ஜிகர்தண்டா. எத்தனையோ வருடமாக இனிப்பைத் தொடாத ஜனம். தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நல்லகாமன் அண்ணன் ஒரு சொம்பில் வாங்கி ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மீசையில் பாலாடையோடு என் பக்கம் திரும்பினார்.

“இனி ஊசி எதுக்கு மாஸ்டர்?”

நான் சிரித்தேன். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, சிரித்தேன் என்றுதான் உங்களிடம் முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான், ஆனால் அன்றைக்கு மட்டும் உண்மை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் மூலையில் ஒரு குழி வெட்டினோம். எல்லோரும் வீட்டிலிருந்த மாத்திரை, மருந்து, ஊசி எல்லாவற்றையும் கொண்டுவந்து அதில் போட்டார்கள். சூடம் ஏற்றிச் சுற்றி வந்து ஆடினோம். பெண்கள் போட்ட குலவை மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. மண்ணை நான்தான் தள்ளினேன். யோசனையும் என்னுடையதுதான். டாக்டர் தமிழ்வாணிக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அதன் பிறகு வந்த வாரங்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இளைத்தார்கள். நல்லகாமன் அண்ணனுக்கு வயிறு காணாமல் போனது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அதற்கும் கைதட்டினோம். “மாப்ள மாதிரி ஆயிட்டீங்கண்ணே” என்று முத்துக்கருப்பன் கிண்டல் செய்வான், அவரும் வெட்கப்படுவார். மருந்தை விட்டுவிட்ட சர்க்கரைக்காரர் அப்படி வேகமாக இளைப்பது எதனால் என்று பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மறக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம் இருக்கும்போது அதை நடுவில் போய்ச் சொல்வது நாகரிகமாகத் தெரியவில்லை.

அண்ணன் மனைவி பாண்டியம்மாள் அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், குடம் குடமாத் தண்ணி குடிக்கிறாரு. ஒண்ணுக்குப் போயிட்டுப் போயிட்டு வாராரு. கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. ஒரு எட்டு டாக்டரம்மாகிட்டக் காமிச்சுட்டு வாரேனே?”

“உடம்புல உள்ள கசடெல்லாம் வெளிய போகுதுக்கா. இப்பப் போய்க் கலைச்சுறாதீங்க” என்றேன். அக்கா என் பேச்சை நம்பினார். ஊரில் எல்லோருமே நம்பினார்கள். அடுத்த ரத்தத்தையும் ஜெயபாண்டியே கொடுத்தான். ரிப்போர்ட் முன்னைவிட அழகாக வந்தது.

கடைசி நாள் சென்னையிலிருந்து பெரிய டாக்டர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. இதை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோகலாமா என்று அவர்கள் சொல்லப்போகிற நாள். விடிந்ததும் பாண்டியம்மாள் அக்கா போன் செய்தார். அண்ணன் ராவெல்லாம் வாந்தி எடுத்ததாகவும் மூச்சு பெரிது பெரிதாக இழுப்பதாகவும் சொன்னார். உடனே வண்டியை எடுத்துப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். பையில் இருந்த மெஷினை எடுத்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தேன். எண்ணே வரவில்லை, “ஹை” என்று வந்தது. அளக்க முடியாத அளவுக்கு ஏறினால் அந்த மெஷின் அப்படித்தான் காட்டும்.

“எம்புட்டு மாஸ்டர்?” என்றார்.

“நூத்திப் பத்துண்ணே.”

அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். “அப்ப வெறும் பித்தம்தான்டி, நீ சும்மா பயங்காட்டுற” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடினார். நானே போட்டுவிட்டேன். என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். முதல் வரிசையில் நடுவில் நிறுத்தினேன். டாக்டர் தமிழ்வாணி மண்டபத்துக்குள் சென்னைக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் அந்த ஆட்டம் எடுபடாது.

ஆடினார். அவ்வளவு நன்றாக அவர் அதற்கு முன்னால் ஆடியதில்லை. உடம்பு இளைத்திருந்ததால் கால் காற்றில் போனது. சென்னை டாக்டர்கள் நாற்காலியை விட்டு எழுந்து செல்போனில் படம் பிடித்தார்கள். அப்போது அவர் கண் மேலே சொருகியது. உடம்பு வெட்டி இழுத்தது. மண்டியிட்டுச் சரிந்து தரையில் உருண்டார். கூட்டத்தில் யாரோ, “கருப்பு எறங்கிருச்சு, கருப்பு எறங்கிருச்சு” என்றார்கள். எங்கள் பக்கத்தில் கொட்டுக்கு நடுவே ஒருவர் அப்படி விழுந்தால் வேறெதுவும் யாருக்கும் தோன்றாது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி விபூதியோடு ஓடிவந்தாள். தாசில்தார் கையெடுத்துக் கும்பிட்டார். முத்துக்கருப்பன் மட்டும் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நிறுத்தட்டுமா என்று கேட்கிற பார்வை.

அந்த மைதானத்தில் அது சாமி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லித் தூக்கவில்லை. இன்னும் வேகமாக அடி என்று காட்டினேன். அவனும் அடித்தான். மைதானமே ஆடியது, நானும் ஆடினேன். சாமியாட்டம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சென்னை டாக்டர்கள் கைதட்டினார்கள்.

அண்ணன் மகள் திவ்யா நர்சிங் படிக்கிறது. அப்பாவுக்கு முடியவில்லை என்று அம்மா சொன்னதைக் கேட்டு ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தது. அந்தப் பிள்ளைதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனது. அப்பாவின் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தது. சர்க்கரை முற்றினால் மூச்சில் வருகிற பழ வாடையை அது படித்திருந்தது. “கொட்ட நிறுத்துங்கடா” என்று அது போட்ட சத்தத்தில்தான் தப்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் உயிர் போய்விட்டது. அங்கே எடுத்த ரத்தத்தையும் நான் கொடுத்த ரிப்போர்ட்டையும் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி டாக்டரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. மூன்று மாதச் சராசரி, ரிப்போர்ட் வந்த மூன்று வாரத்தில் இப்படி ஏறாது, இது வேறு யாரோ ஒருவருடைய ரத்தம் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தாசில்தாருக்குக் கால் விரல்கள் போயின. டீச்சருக்கு ஒரு கண் மங்கிவிட்டது. டாக்டர் தமிழ்வாணி என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அதுதான் எனக்கு வருத்தம்.

ஆக, ரத்தத்தை மாற்றியவன் நான். மருந்தைப் புதைத்தவன் நான். சாகிற நிலைமையில் இருக்கிறார் என்று தெரிந்தே அவரைக் கூட்டிவந்து ஆட வைத்தவன் நான். விழுந்த பிறகும் கொட்டை நிறுத்தாதவன் நான். நல்லகாமன் அண்ணனைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டது அண்ணன்தான். இன்னும் ஒரு மாதம் மட்டும் அவர் தாக்குப்பிடித்திருந்தால், உடம்பு அந்த ரிப்போர்ட்டைப் பிடித்திருக்கும்.