தவணை தவணையாக ஒரு மாப்பிள்ளை

சென்ற செவ்வாய், காலை 7.40. வெள்ளவத்தை ரயில் நிலையத்தில், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க இரண்டு இளம்பெண்கள் எனக்கு முன்னால் நின்றார்கள்.

"நான் கட்டப்போறவரை வீட்டில முழுசா ஒரேயடியாக் குடுக்கமாட்டன்" என்றாள் கண்ணாடி போட்டவள்.

"ஏனடி, அவர் என்ன கசாயமே?" என்றாள் குடை வைத்திருந்தவள்.

"ஒஃபிஸில நாங்கள் ஃபோனுக்கு ஆப் எழுதுற மாதிரித்தான். ஒரேயடியா விடாமல் கொஞ்சம் கொஞ்சமா வெளியில விடுற சின்னச் சின்ன ரிலீஸ். போன கிழமை பெயரும் வேலையும் மட்டும் சொன்னனான். அவை என்ன சொல்லீனம் எண்டு பாத்துத்தான் அடுத்தது."

"என்ன சொன்னவை?"

"அம்மா, நல்ல வேலை எண்டவ. அப்பா ரெண்டையும் டயரியில எழுதி வச்சவர்."

"அப்ப அவர் மலையகம், ஹட்டன் ஆள் எண்டது?"

"அது மூண்டாவது ரிலீஸ். யாழ்ப்பாணம் இல்லையெண்டால் அப்பா ஒரு மாசம் என்னோட கதைக்கமாட்டார்."

கண்ணாடிக்காரியின் கைபேசியில் ஒரு செய்தி வந்து ஒலித்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரடி?"

"அப்பா." அவள் மெல்ல வாசித்தாள்: "ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு. அவற்ற தாய் தகப்பன் ஹட்டனில இருந்து எந்த ரயிலில வருகினம்? நான் கோட்டை ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"அப்ப மிச்ச ரிலீஸ் எல்லாம்?"

"பெயரையும் வேலையையும் வச்சு விசாரிச்சு, அப்பாவே செய்துபோட்டார்."