ரிப்பன் வெட்டும் வரை

புதுத் தென்னந்தும்பு மெத்தைக்கு ஒரு குணம் உண்டு. முதலில் படுப்பவரின் பள்ளம் அதில் கடைசிவரை நின்றுவிடும். மெத்தை விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தது அதனால்தான். விசாரணைக்கு வந்த உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம், ஐயா. ஆனால் ராக்காயி எப்படிச் செத்தாள் என்பதை மெத்தையிலிருந்துதான் சொல்லத் தொடங்க முடியும்.

என் பெயர் அலோசியஸ். வட்டகொடைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து மருந்துச் சாலை என் பொறுப்பு. நான் டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுக்கப் படித்தவன். சனங்கள் டாக்டரய்யா என்பார்கள். திருத்தினால் மனம் நோவார்களே என்று திருத்தவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் பெருமை பிரசவ வார்டு. இரும்புக் கட்டில்கள், நான் சொன்ன புது மெத்தைகள், வெள்ளை விரிப்பு, கண்ணாடி அலமாரி, வாசலில் சிவப்பு ரிப்பன். திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக ஏற்பாடு. பெரியவர்கள் வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். பின்சுவரை அவர்கள் பார்ப்பதில்லை. அது அவர்கள் குற்றமல்ல, கார் அந்தப் பக்கம் போகாது.

விழா நாள் விடிந்ததும் லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவில் ராக்காயிக்குக் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் பவுலின், எங்கள் மருத்துவிச்சி, முறையாகப் படித்தவள். மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"ஆம்பளப் புள்ளைங்க, நல்லா இருக்கு. தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. வார்டுக்குத் தூக்கிட்டு வந்துருவோம். ஊசி போடணும்."

"ரிப்பன் கட்டியாச்சே."

"குனிஞ்சு தூக்கிட்டு வரலாங்களே."

நியாயமான பேச்சுதான். ஆனால் பெரியவர் வரும்போது மெத்தையில் அவள் பள்ளமும் விரிப்பில் கறையும் இருக்கும். ஊசி மருந்தோ கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்தால் வரிசை பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். சாவி என் பையில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது: அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, காத்திருப்பான், சத்தமில்லாமல் கிடப்பவனை முதலில் பார். யாரை யாரிடம் விட்டுப் போகலாம் என்பது அடுத்த பாடம். இரண்டிலும் நான் நன்றாகத் தேறியவன். அறியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. அது என் படிப்புக்கு இழுக்கு.

பெரியவருக்குக் கத்தரிக்கோல் தட்டு ஏந்த வெள்ளை உடையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டத்தில் வெள்ளை உடை பவுலினிடம்தான் இருந்தது. ஆகவே அவளை வாசலில் நிறுத்திவிட்டு, ராக்காயியிடம் வேலாயியை அனுப்பினேன். வேலாயி பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுவது அவள் வேலை.

"துணி நனைஞ்சா மாத்து. அவ சத்தம் போட்டா மட்டும் வந்து சொல்லு," என்றேன்.

ரத்தம் இறங்கிக்கொண்டே இருப்பவர்கள் சத்தம் போடுவதில்லை. அது எனக்குத் தெரியும். வேலாயிக்குத் தெரியாது.

வார்டைக் காலியாகக் காட்ட முடியுமா? பேச்சியம்மாவைக் கூப்பிட்டேன். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆனவள், கொழுகொழு குழந்தை.

"எனக்கு ஒன்னும் இல்லீங்களே டாக்டரய்யா, எதுக்குப் படுக்கச் சொல்றீங்க?"

"ஒன்னும் இல்லாததாலதான். படு."

"படுத்தா இன்னைக்குப் பேரு உண்டுங்களா?"

பேர் போடுவதாகச் சொன்னேன். வேலைக்குப் போகாமலே நாள் கணக்கில் சேரும் என்றதும், கால் கழுவி வந்து நோயாளியைவிட நன்றாகப் படுத்தாள்.

பெரியவர் வந்தார். தப்படித்து வரவேற்றவர்களில் ராக்காயியின் புருஷன் சோலைமலையும் ஒருவன். ஆண் பிள்ளை என்பதை மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அன்று அவன் அடி தனியாகக் கேட்டது. ரிப்பன் வெட்டியானது. பெரியவர் தாய்மை, தேசம், தேயிலை மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டினார். அது லேசில் முடிகிற வாக்கியமாக இல்லை.

அதன் நடுவில் வேலாயி கூட்டத்தின் பின்னால் வந்து நின்றாள். ராக்காயி சத்தம் போடவில்லை, இவளாகத்தான் வந்திருந்தாள். முழங்கை வரை சிவப்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று என் அளவுக்கு அங்கே அறிந்தவர் பவுலின் மட்டும்தான். அவள் பெரியவரைப் பார்த்து நின்றாள். உட்கார் என்று கையால் காட்டினேன். வேலாயி புல்லில் உட்கார்ந்தாள். எல்லோரும் கைதட்டியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் தட்டினாள். ஈரக் கை, சத்தம் எழவில்லை.

பெரியவர் தேநீருக்கு எழுந்ததும் என் அருகே வந்தாள்.

"துணியெல்லாம் தீந்துருச்சுங்க. பேச்சுக் குடுத்தா கண்ணு மட்டுந்தான் அசையுது. அந்தக் காருல ஏத்தி டவுனுக்கு அனுப்ப முடியாதுங்களா?"

பவுலின் தட்டைக் கீழே வைத்தாள். "சாவியக் குடுங்க."

"கார் போகட்டும்," என்றேன்.

"அலோசியஸ், சாவி." அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நான் மரியாதைக் குறைவைப் பொருட்படுத்துகிறவன் அல்ல. ஆனால் பிரசவ வார்டு திறந்த அன்றே அந்தத் தோட்டத்துத் தாய் ஒருத்தி பெரியவரின் காரில் டவுனுக்குப் போனால் விழாவுக்கு என்ன பொருள்? பவுலின் சாவி இல்லாமலே லயத்துக்கு ஓடினாள். நான் பெரியவருக்கு இரண்டாம் கோப்பை ஊற்றினேன். கார் வளைவில் மறையும்வரை கையசைத்தேன். பிறகுதான் அலமாரியைத் திறந்தேன்.

வேலாயி இடத்தை விட்டு வந்ததால் நேர்ந்த சாவு என்று முதலில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், அது சரியில்லை. என் நோயாளி பிழைப்பதா சாவதா என்பதைத் தீர்மானிக்க ஒரு பிள்ளைக்காம்பரா ஆயா யார்? தீர்மானித்தவன் நான். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊசி போட்டபோது ராக்காயியின் உடம்பில் அதை வாங்கிக்கொள்ள ரத்தம் இல்லை. ஆனாலும் அவள் மூச்சு நிற்கும்வரை என் விரல் அவள் நாடியில்தான் இருந்தது. கடைசிவரை அலோசியஸ் நோயாளியை விட்டு விலகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.