புத்தூரில் ஒரு பக்கவாட்டுப் பிரதட்சணம்

தலைமைப் பொறுப்பேற்று, என் பேச்சின் நீளத்தை எண்ணி இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் சனசமூக நிலையத் தலைவர் சுபாஸ் அவர்களே! உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து எங்கள் ஊர்க் கால்களுக்கு உயிரூட்டும் இயன்மருத்துவர் உதயகலா அவர்களே! ஆன்றோரே, அறிஞரே, அன்புத் தாய்மாரே! பொல்லூன்றி வந்தோரே, பிள்ளைகளின் தோளூன்றி வந்தோரே, வடை முடிந்துவிடுமோ என்ற கவலையூன்றி நிற்போரே! உங்கள் அனைவருக்கும் நல்லம்மாவின் வணக்கம். வடை இருக்கிறது. நான் முடித்த பிறகுதான் தருவார்கள்.

பாரிசவாதம் கண்டு கைகால் இழுத்தோருக்கான நடைப்பயிற்சி அறையை இன்று திறக்கிறோம். மருத்துவம் பேச டொக்டர்மார் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரே ஒரு மனிதரின் இடது காலைப் பற்றி. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர், என் கணவர் நமசிவாயம், முன்வரிசையில் இருக்கிறார். வேண்டாம் என்று கண் காட்டுகிறார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் கண் காட்டுவதும், நான் காணாததுபோல் இருப்பதும் எங்கள் வீட்டு வழக்கம்.

வெங்காயத் தோட்டத்து வரம்பில் விரைந்து நடந்தவர், வெயிலுக்கும் அஞ்சாதவர், வெள்ளத்துக்கும் அஞ்சாதவர், போன வருடம் பொங்கலுக்கு மறுநாள் சாய்ந்தார். உயிர் பிழைத்தது. இடது கால் மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஆஸ்பத்திரியால் வீடு வந்ததும் ஊரே பார்க்க வந்தது. ஹோர்லிக்ஸ் போத்தல் இல்லாமல் வந்தவர் யார்? போத்தலை வைத்துவிட்டு, "எழும்பாதையுங்கோ அண்ணை, இருங்கோ" என்று சொல்லாமல் போனவர் யார்? அன்பால் இருத்தினோம், ஆதரவால் இருத்தினோம், அலுமாரி நிறைந்த ஹோர்லிக்ஸால் இருத்தினோம். அவர் எழும்புவதற்கு ஒரு காரணத்தையும் இந்த ஊர் மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் அவர் இருந்ததற்கு உண்மைக் காரணம் வெட்கம். நாலு பேர் முன்னால் விழுந்துவிடுவேனோ என்ற வெட்கம். உதயகலா சுவரோரம் நிற்கப் பழக்கினார். உடற்பாரத்தை இடது காலுக்கு மாற்றப் பழக்கினார். ஒரு காலின் குதி மறுகாலின் விரலில் முட்ட முட்ட நடக்கப் பழக்கினார். உதயகலா நிற்கும்வரை இவர் எல்லாம் செய்வார். ஸ்கூட்டி வாசல் படலையைத் தாண்டியதும் கதிரையில் விழுவார். இந்த மனிதர் இனிமேல் படலையைத் தாண்டவே மாட்டாரோ என்று சமையலறைக்குள் நின்று அழுதிருக்கிறேன்.

கடைசியில், ஆள் நடமாட்டம் இல்லாத விடியலில், பிள்ளையார் கோயில் வெளிவீதி மணலில் பழகச் சம்மதித்தார். நானும் பக்கத்திலேயே நடந்தேன். குதி, விரல், குதி, விரல். பூப்பறிக்க வந்த சிவகௌரி கண்டுவிட்டாள். அடி மேல் அடி வைத்து ஒருவர் கோயிலைச் சுற்றினால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்? அடிப்பிரதட்சணம் என்று நினைக்கும். நேர்த்திக்கடன் என்று நினைக்கும். மறுநாள் சிவகௌரி பின்னால் நடந்தாள். அதற்கடுத்த நாள் அவளுடைய மாமியாரும் மச்சாளும் நடந்தார்கள். ஒரு கிழமை முடியுமுன் அது ஊர்வலமாகிவிட்டது.

இது நேர்த்தி இல்லைப் பிள்ளை, எக்சசைஸ் என்று இவர் சொல்லிப் பார்த்தார். "ஓம் அண்ணை, நேர்த்தியை வெளியிலை சொல்லக்கூடாதுதான்" என்றாள் சிவகௌரி. மழை தூறிய ஒரு நாள் இவர் போர்வைக்குள் சுருண்டார். படலையில் பெண்கள் கூடிவிட்டார்கள், இடையில் விட்டால் குற்றம் என்று. உதயகலாவை ஏய்க்கலாம், பிள்ளையாரை ஏய்க்க முடியுமா?

அடுத்து உதயகலா பக்கவாட்டு நடையைச் சேர்த்தார். மறுநாள் விடியலில் ஊரே நண்டுபோல் பக்கவாட்டில் சுற்றியது. குருக்கள் வெளியே வந்து, இது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். உடுவில் ஆகமம் என்றேன். சிரிக்காதீர்கள், அவர் அதை யோசித்துக்கொண்டே உள்ளே போனார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. நிறைந்த கூட்டம். இடது கால் மணலில் தட்டியது. நான் எட்டிப் பிடிக்குமுன் விழுந்தார். எதற்கு அஞ்சி வீட்டுக்குள் கிடந்தாரோ, அது ஊர் முன்னால் நடந்துவிட்டது. ஊர் சிரித்ததா? இல்லை. ஐயோ பாவம் என்றதா? இல்லை. நேர்த்தியின் அடுத்த கட்டம் இதுதான் என்று எண்ணி, பின்னால் வந்த அத்தனை பெண்களும் மணலில் விழுந்து கும்பிட்டார்கள்!

இவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். நோய் கண்டபின் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். தூக்கப் போனேன். "விடு நல்லம்மா, நானே எழும்பிறன்" என்றார். உதயகலா பழக்கியபடி கையூன்றி, முழங்காலூன்றி, நல்ல காலை முன்னே வைத்து எழும்பினார். பின்னால் எல்லோரும் கையூன்றி, முழங்காலூன்றி எழும்பினார்கள்.

இன்றைக்கும் அந்தக் கால் கொஞ்சம் இழுக்கிறது. ஆனாலும் பொல்லோடு தோட்டத்துக்குப் போகிறார்.

தாய்மாரே, பெரியோரே! உங்கள் வீடுகளில் வெட்கத்தோடு இருக்கும் ஒருவர் இல்லையா? ஹோர்லிக்ஸ் போதும், இனிச் செருப்பு வாங்கிக் கொடுங்கள்! இருங்கோ என்றது போதும், எழும்புங்கோ என்று சொல்லுங்கள்! இங்கே கூட்டிவாருங்கள்! நீங்கள் விழுந்தால் புத்தூர் உங்களோடு விழும். நீங்கள் எழும்பினால் புத்தூர் உங்களோடு எழும்பும் என்று சொல்லிக் கூட்டிவாருங்கள்!

உதயகலாவுக்கு நன்றி. பிள்ளையாருக்கு நன்றி. இது நேர்த்தி என்றே இன்னும் நம்பும் சிவகௌரிக்குப் பெருநன்றி. இப்போது அறையைத் திறந்துவைக்க என் கணவர் மேடைப்படி ஏறுகிறார். யாரும் பிடிக்கவேண்டாம், நானும் பிடிக்கப்போவதில்லை. வணக்கம்.