பதினான்காம் எண் குடுவை

“மாமா, பிப்பெட் நுனியில ஒரு சொட்டு தொங்கிட்டே இருக்குதுங்க. ஊதி உட்டுரட்டுங்களா?”

“ஊதாத கண்ணு. அந்தச் சொட்டு உன்னுது இல்ல. பிப்பெட்டோடது.”

“அதெப்படிங்க? உறிஞ்சி எடுத்தது நானு, கடைசிச் சொட்டு மட்டும் அதுக்கா?”

“செஞ்சவன் அந்தச் சொட்டையும் கழிச்சுட்டுத்தான் கோடு போட்டிருக்கறான். நுனியக் குடுவைச் சுவத்துல ஒருவாட்டி தொட்டுட்டு எடுத்துரு. வர்றது வரட்டும், நிக்கறது நிக்கட்டும்.”

“உங்கம்மா தோசைக்கு எண்ணெய் ஊத்தற மாதிரிங்களா?”

“அதேதான்.”

இந்தப் பேச்சு நடந்தது எங்களுக்குக் கல்யாணமான மூன்றாவது வாரம், குன்னூரில் எங்கள் வாடகை வீட்டு அடுக்களையில். மேல்முனை உடைந்ததால் கழித்துப்போட்ட ஒரு பிப்பெட்டை நான் ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். இந்துமதி அப்போது பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். நான் அதே கல்லூரியில், அதாவது தங்கள் கல்லூரியில், வேதியியல் ஆய்வக உதவியாளர்.

முதல்வர் ஐயா, இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. என் மனைவிக்கு அளக்கத் தெரியாது என்று துறையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். என் பாடத்தில் பழுது கிடையாது.

நிறமில்லாத கரைசல் என்றால் பியூரெட்டுக் குழாயில் அதன் வளைவின் அடியைப் பார்த்து அளவு எழுத வேண்டும். பெர்மாங்கனேட் என்றால் கருஞ்சிவப்பில் அடி தெரியாது, மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் முதுகை வளைக்கச் சோம்பல்பட்டு, நின்ற இடத்திலிருந்தே பஸ் போர்டு படிப்பதுபோலப் படிப்பார்கள். இந்துமதி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் குனிவாள். மூன்று முறை அளந்தால் மூன்றும் ஒன்றாக இருக்கும். “இந்தப் பொண்ணு பியூரெட்டோட பொறந்துச்சா?” என்று பேராசிரியர் சில்வஸ்டர் சார் என்னிடமே கேட்டிருக்கிறார். தாய்மாமன் மகள், பிறந்தபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன், அப்படி எதுவும் கூட வரவில்லை என்று சொன்னேன். சார் சிரித்தார்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் கோத்தகிரி ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். கவனிப்பில்லாத செடிகள் மரமாக வளர்ந்துகொண்டிருந்தன. என் மாமா சுப்பண்ணன், இந்துமதியின் அப்பா, ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஃபேக்டரியை மூடினார்கள். முப்பது வருடம் மெஷினுக்கு எண்ணெய் போட்ட மனிதர், வேலையில்லாமல் வீட்டுக் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் எந்த அறைக்குள் வருகிறார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. போடக் கீல் தீர்ந்ததும் மகளுக்குக் கல்யாணம் பேசினார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“மாப்ள, புள்ள படிப்ப முடிச்சுக்கட்டுங்க.”

முடிக்கட்டும் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் இந்துமதியின் சீனியர் ஒருத்தி வேலை பார்த்தாள். ஒழுங்காக அளக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதே அங்கே அரிது. இந்துமதி தேறியதும் வரட்டும், இடம் வைத்திருக்கிறேன் என்று அந்தப் பெண் எழுதினாள். தங்க விடுதியும் உண்டு. இந்துமதி அந்தக் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். அப்பா அம்மாவையும் பிறகு அங்கே கூட்டிக்கொள்ளலாம் என்றாள். “நீங்களும் வந்துருங்க மாமா. அங்க இல்லாத லேபா?” என்றும் சொன்னாள். நல்ல பெண்.

இந்த இடத்தில் கந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கந்தன் எனக்குக் கீழே உள்ள உதவியாளன். அன்றாட வகுப்புகளுக்கும், தோற்றவர்கள் வந்து பழகிப் பார்ப்பதற்கும் கரைசல் ஊற்றுவது அவன். தேர்வுக்கு ஊற்றுவது நான், சீனியர் என்பதால். அவன் மனைவி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மூன்று மாதம் என்று போனாள். மூன்று வருடமாகிறது. “அவ பனியன் கம்பெனி, நான் பாத்திரக் கம்பெனி” என்று அவனே கேலியாகச் சொல்லுவான். மதியம் அவன் டப்பாவைத் திறந்தால் தினமும் ஒரே தக்காளி சாதம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மலையிறங்கிப் போகிறவர்கள் மேலே ஏறி வருவதில்லை. அந்தத் தக்காளி சாதத்தை நான் மிகவும் யோசித்துப் பார்த்தேன்.

தேர்வு நடக்கும் முறை தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் எண் போட்ட ஒரு குடுவை. எந்தக் குடுவையில் எத்தனை மில்லி மூலக்கரைசல் என்று தேர்வாளர் ஒரு பட்டியல் தருவார். அதைப் பார்த்து நான் ஊற்றுவேன். மாணவர் அதில் கோடு வரை தண்ணீர் நிரப்பி, குலுக்கி, அளந்து, உள்ளே எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். எழுதியதைப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். குடுவையோடு யாரும் ஒப்பிடுவதில்லை.

இரண்டாயிரத்து ஒன்று ஏப்ரலில் பதினான்காம் எண்ணுக்கு, அதாவது இந்துமதிக்கு, பட்டியலில் இருபத்தொன்றரை. நான் பத்தொன்பதரை ஊற்றினேன்.

அவள் பத்தொன்பதரைக்குரிய விடையைத் துல்லியமாகக் கண்டுபிடித்தாள். பேப்பரைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஆண்டு வகுப்பிலேயே மிகச் சரியான விடை எழுதியவள் அவள்தான். அது எனக்கு மட்டும் தெரிந்தது. செய்முறையில் தோற்றாள்.

அன்று மாலை பஸ் நிலையத்துக்குப் போய் அவளுக்குப் பிடித்த வர்க்கி பிஸ்கட் வாங்கி வந்தேன். அழுதாள். என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். கல்யாணமாகி அதுவரை அவளாக என் மேல் அப்படிச் சாய்ந்ததில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் கண்ணு என்றேன். சொல்லும்போது உண்மையாகவே மனம் இளகியது. தவறான அளவு ஊற்றியவன் ஆறுதல் சொல்லக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

இரண்டாவது ஏப்ரலில் பட்டியலில் பதினெட்டு. நான் இருபது ஊற்றினேன். இதில் கொஞ்சம் யோசனை இருந்தது. இரண்டு முறையும் குறைத்திருந்தால் சில்வஸ்டர் சார் கரைசலைச் சந்தேகப்பட்டிருப்பார். ஒருமுறை குறைந்து ஒருமுறை கூடினால் ஆளைத்தான் சந்தேகப்படுவார்கள். அப்படியே ஆயிற்று.

“ராஜரத்தினம், உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணக் காட்டுங்கய்யா” என்றார் சார்.

காட்டினேன். கணவனுக்கு அது கடமை. கண்ணில் குறையே இல்லை என்றார் டாக்டர். சும்மா கண்ணாடியாவது போட்டுவிடுங்கள், மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். கறுப்புச் சட்டம். அவள் முகத்துக்கு எடுப்பாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அவளிடம் சில மாற்றங்கள். அரிசியை ஆழாக்கில் அளந்து போட்டுவிட்டு, திரும்ப எடுத்து இன்னொரு முறை அளப்பாள். கையில் கடிகாரம் இருக்கப் பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்காவிடம் மணி கேட்பாள். “உப்பு சரியா இருக்குதுங்களா மாமா? நெசமாச் சொல்லுங்க” என்று ஒரு சாப்பாட்டுக்கு மூன்று முறை கேட்பாள். சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கிறது என்று நானும் சொல்லுவேன். வீட்டில் நான் பொய் சொல்லுவதில்லை.

ஒரு நாள் அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன என்றேன். “இது நடுங்குதுங்களா?” என்றாள். நடுங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இல்வாழ்க்கையில் அதைவிட நெருக்கமான மாலை இன்னொன்று இல்லை. இவளை நான் எங்கே அனுப்புவது என்று தாங்களே சொல்லுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூன்றாவது தேர்வு. இந்த முறையும் தவறினால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று திருப்பூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பட்டியல் நேற்றே என் கைக்கு வந்தது. இந்த முறையும் அவளுக்குப் பதினான்காம் எண்தான்; அதற்கு இருபத்துமூன்று. இருபத்தொன்று ஊற்றுவதாக இருந்தேன். அதோடு அவளுக்கும் அலைச்சல் முடியும், பிறகு எங்களுக்குள் ஒரு ரகசியமும் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இதையெல்லாம் யாரும் கேட்காமல் நானே எழுதுகிறேன். இரண்டு தேர்விலும் அவள் விடை சரி, பட்டியல் தவறு. பழைய பேப்பர்கள் அலமாரியில் இருக்கின்றன, நான் எழுதிய அளவுகளை வைத்துத் திருத்திப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை என்னைத் தேர்வுப் பணியிலிருந்து விடுவித்துவிட்டு, கந்தனைப் போடுங்கள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை. இரண்டு வருடம் என் பக்கத்தில் படுத்து, எனக்குச் சோறு போட்டு, என் தோளில் அழுதவள் அவள். என் முதுகு வலியை நினைத்து, வேலைச்சுமை குறையட்டும் என்றுதான் கேட்டிருப்பாள் என்று நம்புகிறேன்.

இன்று காலை, நான் கிளம்பும்போது, டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். டப்பாவை முழுதாக விடாமல் அவளும் ஒரு பக்கம் பிடித்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மாமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தனுங்க, வாய் வரல. நிக்கற மேசைய மாத்திப் பாத்தேன். பிப்பெட்ட மாத்திப் பாத்தேன். வேண்டிக்கற சாமியக்கூட மாத்திப் பாத்துட்டேன். கந்தண்ணன் ஊத்தற அன்னைக்கெல்லாம் எனக்குச் சரியாத்தான் வருதுங்க. இந்த ஒருவாட்டி, என்ற குடுவையில நீங்க ஊத்தாதீங்க.”