'தலைவரே' என்று அழைத்தால் வருகிறவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, செவ்விந்திய நடிகர் சங்கத்தின் மூத்தோரே, கணவரை இழந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மினெர்வா யஹோலா அம்மையாரே, முகச்சாயத்தைக் கழுவவும் பொழுதின்றி ஓடிவந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

மறைந்தவரைத் தலைவர் என்று விளித்துத் தொடங்குவது மரபு. நான் அவ்வாறு தொடங்கமாட்டேன். ஏன்? படத்தில் குதிரை ஏறுபவராயினும் பிணமாக நடிப்பவராயினும், ஹாலிவுட்டில் நம் ஆண்கள் அனைவருக்கும் அவர்கள் சூட்டிய பெயர் அது ஒன்றே. பட நிறுவனம் அனுப்பிய மலர்வளையத்திலும் அதுவே எழுதியிருக்கிறது. எனவே அதை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னேன்.

திரு. லெவி யஹோலா! மஸ்கோகி இனத்தின் மைந்தர்! சோப்பில் வழுக்கி வாளிக்குள் விழுவதற்கென்றே அழைக்கப்பட்டும், நிமிர்ந்தே நடந்த மனிதர்!

அந்தச் சிரிப்புக் கௌபாய் படத்தை மறப்போமா? நவஹோ, செமினோல், மஸ்கோகி என்று வெவ்வேறு இனத்தவர் அனைவருக்கும் ஒரே இறகுக் கிரீடம், தைத்தவள் நான். மதுக்கடைக்குள் ஒருவர் நுழைந்து வழுக்கி விழவேண்டும். உதவி இயக்குநர், "தலைவரே, உள்ளே வாரும்!" என்று கூவினார். வெளியே காத்திருந்த நம்மவர் அனைவரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். கதவு நிலையோடு பெயர்ந்தது. படக்கருவியைப் பிடித்திருந்தவரே சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்.

"யோவ், ஒருத்தரைத்தானேய்யா கூப்பிட்டேன்?"

"தலைவரேன்னீங்க. எங்க எல்லாருக்கும் அதுதானுங்களே பேரு," என்றார் யஹோலா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கதவைப் பொருத்தினார்கள். மீண்டும் அழைத்தார்கள். மீண்டும் அனைவரும் நுழைந்தார்கள். பொழுது சாயும் வேளையில், அந்த உதவி இயக்குநர் ஒவ்வொருவரிடமும் வந்து பெயர் கேட்டார். அன்றுமுதல் அத்தளத்தில் நம்மவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். திரையிலும் அப்பெயர்கள் எழுந்தன. உரத்த குரல் உண்டா? கைகலப்பு உண்டா? ஒரு சொல்லைச் சொன்னபடியே கேட்டு நடந்தார், அவ்வளவே!

ஆனால் அவையோரே, என் நெஞ்சு இன்று நிலைகொள்ளவில்லை. வரும் திங்களன்று புதிய படம் தொடங்குகிறது. புதிய உதவி இயக்குநர் சொல்லியனுப்பியிருக்கிறார்: பெயர்கள் தேவையில்லையாம். 'தலைவரே' என்றதும் தனியே வருபவருக்கு வசனமும் கூடுதல் கூலியும் உண்டாம். கூட்டமாக வந்தால் அனைவரையும் அனுப்பிவிட்டு, சாயம் பூசிய வெள்ளைக்காரர்களை நிறுத்துவாராம். அவர்களைத் தயாராக வைத்துமிருக்கிறார்.

அச்செய்தி மினெர்வா அம்மையாரின் தம்பி, நம்மோடு நடிக்கும் பார்னி வழியாகவே வந்தது. நேற்று என்னிடம் கண்கலங்கினார்.

"அக்கா, எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா. கூப்பிட்டா நான் தனியா போயிருவேன். மாமா இருந்தா தோளப் புடிச்சு நிறுத்தியிருப்பாரு. நீங்களே சபையில சொல்லிருங்க, எனக்கு வாய் வராது."

பார்னி, உம்மைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பசியின் வாசலில் நிற்பவனிடம் மானத்தைப் பற்றிப் பேசுவது எளிது. ஆயினும் நீர் தனியே அந்தக் கதவைத் தாண்டினால், நம் பெயர்கள் யாவும் வெளியிலேயே நின்றுவிடும் அல்லவா? அதை எண்ணித்தான் நேற்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இதோ, யஹோலா அவர்களின் உடல் முன்னே நான் ஏற்கும் உறுதி. உம் மனைவியின் அருகில் நம் பெண்கள் முறைவைத்து அமர்வார்கள். உம் பிள்ளைகளுக்கு எங்கள் அடுப்புகளில் உலை வைப்போம். சாயம் பூசிய வெள்ளைக்காரன் தலைக்கு என் ஊசி ஓர் இறகும் தைக்காது. அதனால் என் வேலை போகுமெனில் போகட்டும். வெல்வோமா? அறியேன். வாயிற்கதவை நம் முகத்தில் அறையவும்கூடும்.

அன்று ஆண்கள் மட்டுமே நுழைந்தீர்கள். எங்களை எவரும் அழைக்கவில்லை என்று தையலறையில் இருந்துவிட்டோம். திங்களன்று அவர் 'தலைவரே' என்று கூவட்டும். ஊசியைக் குத்திவைத்துவிட்டுப் பெண்களும் வருவோம். பார்னி, உமக்கு முன்னால் நான் நுழைவேன்.